அமைதித் தூதர் ரால்ப் பஞ்ச்

மக்கள் அனைவரும் பிறப்பால் ஒப்பர் என்பது, சான்றோர் பலர் பல நாட்டிலும் பல காலத்திலும் உணர்ந்து கூறிய உண்மையாகும். ஆயினும், உண்மையை உணர்வது வேறு. அதனை நாட்டின் சட்டமாகவும் வீட்டின் வழக்கமாகவும் ஆக்குவது வேறு. தோலின் நிறம் கண்டு ஒருவரை உயர்ந்தோர் என்றும் மற்றொருவரைத் தாழ்ந்தோர் என்றும் பிரிக்கும் கொடுமை உலகில் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. அக்கொடுமையைக் களைய நாடுகள் ஒன்றுகூடி முயன்ற வரலாறு இருபதாம் நூற்றாண்டின் பெருமைகளுள் ஒன்றாகும். அவ்வரலாற்றோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர்களுள் ஒருவர் ரால்ப் பஞ்ச் என்னும் பெரியார். நிற வேற்றுமையின் சுடுசொல்லை இளமையிலேயே கேட்டவர் அவர். அதனால் உள்ளம் கசந்து ஒதுங்கிவிடாமல், உலக மக்கள் அனைவருக்கும் உழைக்க முன்வந்தார். அவர் வாழ்க்கை நாம் அறிந்து போற்றத்தக்கது.

இளமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் டெட்ராய்ட் என்னும் தொழில் நகரம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் ஆகஸ்டு மாதம் 7ஆம் நாள், ரால்ப் பஞ்ச் அந்நகரில் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளி. தாயார் இசையில் ஈடுபாடு மிக்கவர். குடும்பம் கறுப்பினக் குடும்பம். செல்வம் இல்லாத குடும்பம். தாயார் நோய்வாய்ப்பட்டமையால், வறண்ட காற்று உடலுக்கு நலந்தரும் என்று கருதி, அனைவரும் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஆல்புகர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஆனால் அந்நோய் தீரவில்லை. 1917ஆம் ஆண்டில் தாயார் காலமானார். வேலை தேடிச் சென்ற தந்தையாரோ மீண்டும் குடும்பத்தோடு வந்து சேரவில்லை. இவ்வாறு, பள்ளிப் பருவத்திலேயே ரால்ப் தாயும் தந்தையும் அற்றவர் போலானார்.

அந்நிலையில் அவருக்குத் தாயாகவும் தந்தையாகவும் ஆசானாகவும் விளங்கியவர், அவருடைய தாயைப் பெற்ற பாட்டியாராகிய லூசி ஜான்சன் அம்மையார். அவ்வம்மையார் அடிமைமுறை நிலவிய காலத்தில், அடிமையாகவே பிறந்தவர். உருவத்தில் சிறியவர், உள்ளத்தின் உறுதியிலோ மிகப் பெரியவர். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினார். பிறரை வெறுத்தல் ஆகாது, பிறர் இழிவு செய்யும்போது பணிந்து போதலும் ஆகாது என்னும் இரண்டு பாடங்களையும் அவர் பேரனுக்குப் புகட்டினார்.

அந்நாளில் கறுப்பினச் சிறுவர்கள் கைத்தொழில் வகுப்புக்கே உரியவர்கள் என்று பள்ளிகள் கருதின. ரால்பையும் அவ்வகுப்பிலேயே சேர்த்திருந்தனர். இதனை அறிந்த பாட்டியார் நேரே பள்ளிக்குச் சென்றார். தம் பேரன் கல்லூரிக்குச் செல்ல வேண்டியவன் என்றும், அதற்குரிய பாடங்களையே அவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்றும் உறுதியாகக் கூறினார். பள்ளியார் இசைந்தனர். அன்று அவ்வம்மையார் வாளா இருந்திருப்பாராயின், உலகம் ஒரு பெரியாரை இழந்திருக்கும் அன்றோ?

ரால்ப் செய்தித்தாள் விற்றார். கம்பளம் விரிக்கும் நிறுவனத்தில் கூலி வேலை செய்தார். கிடைத்த நேரத்தில் படித்தார். உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். ஆயினும், நகரின் சிறந்த மாணவர்களுக்கென இருந்த பெருமை மிக்க கழகத்தில், நிறத்தின் காரணமாக அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பள்ளியிறுதி விழாவன்று தலைமையாசிரியர் பாட்டியாரை அணுகி, ரால்பைத் தாங்கள் ஒருபோதும் கறுப்பினப் பையனாக எண்ணியதே இல்லை என்று, புகழ்ச்சியாகக் கருதிக் கூறினார். பாட்டியார் அதனைப் புகழ்ச்சியாக ஏற்கவில்லை. தம் இனத்தில் பிறந்தது இழிவன்று என்றும், தாமும் தம் பேரனும் அதில் பெருமிதமே கொண்டுள்ளனர் என்றும் அவ்விடத்திலேயே விளக்கினார். பேரன் அருகில் நின்று கேட்டிருந்தான். அம்மறுமொழியை அவன் வாழ்நாள் முழுதும் மறந்தானில்லை.

கல்வியும் ஆராய்ச்சியும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் ரால்ப் சேர்ந்தார். கூடைப்பந்து ஆட்டத்தில் திறம் பெற்றிருந்ததால் உதவித்தொகை கிடைத்தது. போதாத பொருளை, கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலையால் ஈட்டினார். 1927ஆம் ஆண்டில் அங்கும் முதல் மாணவராகவே பட்டம் பெற்றார். புகழ்மிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. ஆயினும் நெடுந்தொலைவு செல்லவும், அங்குத் தங்கி வாழவும் பொருள் வேண்டுமே! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் தங்களுக்குள் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டினர். ஆயிரம் டாலர் சேர்த்து அவர் கையில் கொடுத்தனர். உழைத்து உண்ட ஏழை மக்கள் தந்த அப்பொருள் வீண்போகவில்லை.

1928ஆம் ஆண்டில் அவர் முதுகலைப் பட்டம் பெற்று, தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் ஆசிரியராக அமர்ந்தார். அங்கு அரசியல் துறையைத் தொடங்கி வளர்த்தவர் அவரே. 1930ஆம் ஆண்டில் ரூத் ஹாரிஸ் என்னும் ஆசிரியையை மணந்தார்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அவர் தேர்ந்துகொண்ட பொருள் நாம் கருதத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின், தோற்ற நாடுகளின் ஆட்சியில் இருந்த நிலப்பகுதிகளை உலக நாடுகள் சங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வென்ற நாடுகளிடம் ஆளுமாறு ஒப்படைத்தது. அங்கு வாழும் மக்களின் நலனைக் காப்பதே ஆளுவோரின் கடமை என்று விதிக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோலாந்தின் ஒரு பகுதி இம்முறையில் பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு அடுத்திருந்த தகோமியோ பிரான்சின் சொந்தக் குடியேற்ற நாடாக இருந்தது. உலக நாடுகளின் மேற்பார்வையால் டோகோலாந்து மக்களின் வாழ்வு உண்மையிலேயே உயர்ந்ததா? இவ்வினாவுக்கு விடை காண ரால்ப் பஞ்ச் 1932ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவுக்குச் சென்று இரு நாடுகளையும் நேரில் ஆராய்ந்தார். பெயரில் இருந்த வேறுபாடு மக்கள் வாழ்வில் பெரிதும் இல்லை என்று கண்டார். நல்ல விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது நடக்கிறதா என்று பார்க்கும் கண்ணும், நடவாதபோது கேட்கும் வாயும் வேண்டும் என்று அவ்வாராய்ச்சி அவருக்கு உணர்த்தியது. 1934ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

கல்வி வேட்கை அவரை மேலும் தூண்டியது. 1937ஆம் ஆண்டில் இலண்டனிலும், பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலும் தங்கிப் பயின்றார். தென்னாப்பிரிக்காவில் சிறுபான்மையினராகிய வெள்ளையர் ஆண்டனர்; பெரும்பான்மையினராகிய ஆப்பிரிக்கர் தம் சொந்த நாட்டிலேயே அனுமதிச் சீட்டின்றி நடமாட இயலாதிருந்தனர். அவர் அங்குக் கண்டவற்றை நாள்தோறும் குறித்துவைத்தார். பின் கீழை ஆப்பிரிக்காவில் பழங்குடி மக்களோடு பழகினார். தாயகம் திரும்பியதும், சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் மிர்தால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையைப் பற்றி நிகழ்த்திய பேராராய்ச்சியில் துணைநின்றார். தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று, வாக்குரிமை மறுக்கப்பட்ட மக்களின் நிலையை நேரில் கேட்டறிந்தார். அவ்வாராய்ச்சி நூல் 1944ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஐக்கிய நாடுகள் அவையில்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஓரினமே உயர்ந்தது என்னும் வெறி ஜெர்மனியில் ஆட்சிப்பீடம் ஏறியதன் விளைவாக, ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். இனவெறி ஒரு நாட்டின் உள்வீட்டுச் செய்தி அன்று, உலகையே எரிக்கும் நெருப்பு என்பதை மக்கள் உணர்ந்தனர்.

இவ்வுணர்வு முன்பே எழுந்திருக்கக்கூடாதா? எழுந்தது, ஆனால் நிறைவேறவில்லை. 1919ஆம் ஆண்டில் பாரிஸ் மாநாட்டில் உலக நாடுகள் சங்கம் அமைந்தபோது, இனங்களின் சமன்மையை அதன் விதிகளில் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. வாக்களித்த பெரும்பாலோர் ஆதரித்தும், அனைவரும் ஒருமித்து இசையவில்லை என்று கூறி அதனை ஏற்காது விட்டனர். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் வாழ்ந்த சிறுபான்மையினரைக் காக்க உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. ஆயினும் அவை எல்லா நாட்டுக்கும் பொதுவாக அமையவில்லை. ஆட்சி வலிமை இல்லாத அவ்வுடன்படிக்கைகள், போர் நெருங்கியபோது சருகெனப் பறந்தன.

1945ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகளின் தூதர்கள் கூடி, ஐக்கிய நாடுகள் அவையின் சாசனத்தை வகுத்தனர். அச்சாசனம், இனம், பால், மொழி, சமயம் ஆகிய வேற்றுமை பாராது அனைவருடைய உரிமைகளையும் மதித்தலை அவையின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் துறையில் அப்போது பணியாற்றிய ரால்ப் பஞ்ச், அம்மாநாட்டுக்குச் சென்றிருந்தார். பிறர் ஆட்சியில் வாழும் மக்களைப் பற்றிய பகுதிகளை உருவாக்குவதில் அவருடைய அறிவும் உழைப்பும் பெரிதும் பயன்பட்டன. டோகோலாந்தில் அவர் கண்ட குறைகளுக்கு இங்கு மருந்து வைக்கப்பட்டது. பொறுப்பாட்சிக்கு உட்பட்ட நாட்டு மக்கள் நேரே ஐக்கிய நாடுகள் அவைக்கு முறையீடு அனுப்பலாம். அவை தன் குழுக்களை அந்நாடுகளுக்கு அனுப்பிப் பார்க்கலாம். மக்களைத் தன்னாட்சிக்கோ விடுதலைக்கோ வளர்ப்பதே ஆளுவோரின் குறிக்கோளாக இருத்தல் வேண்டும். இவையே அம்முறையின் உயிர்நாடிகள்.

அவர் 1946ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் பணியில் சேர்ந்து, பொறுப்பாட்சித் துறையின் தலைவரானார். அம்முறையின்கீழ் வந்த நாடுகள் 11. டோகோலாந்தின் பிரெஞ்சுப் பகுதி 1960ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அம்முறையின்கீழ் இறுதியாக எஞ்சியிருந்த பலாவு என்னும் தீவு நாடு 1994ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது.

அதே 1946ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு நெருங்கிய ஒரு செய்தியும் அவைமுன் வந்தது. 1860ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ் மக்கள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்றிருந்தனர். அவர்களும் பிற இந்தியரும் அங்கு நில உரிமையிலும் வாழும் இடத்திலும் வேற்றுமைக்கு உள்ளாயினர். விசயலட்சுமி பண்டிட் அம்மையார் தலைமையில் சென்ற இந்தியத் தூதுக்குழு இதனைப் பொது அவையில் முறையிட்டது. இஃது எங்கள் உள்நாட்டுச் செய்தி என்று தென்னாப்பிரிக்கா வாதாடியது. ஆயினும், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அவை இந்தியாவின் பக்கம் நின்றது. ஒரு நாட்டில் நிகழும் இனக்கொடுமையை உலகம் கேட்கலாம் என்னும் நெறிக்கு அஃது ஒரு தொடக்கமாயிற்று. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், மனித உரிமைகளின் உலகப் பொதுச் சாற்றுரையும் வெளிவந்தது.

ரோட்ஸ் தீவில்

பாலஸ்தீனத்தில் 1948ஆம் ஆண்டு யூதருக்கும் அரபு நாட்டாருக்கும் போர் மூண்டது. அமைதி செய்விக்கச் சுவீடன் நாட்டுப் பெருமகனாகிய பெர்னதாத் பிரபுவை ஐக்கிய நாடுகள் அவை அனுப்பியது. ரால்ப் பஞ்ச் அவருக்குத் துணையாகச் சென்றார். செப்டம்பர் 17ஆம் நாள் ஜெருசலம் நகரில் பெர்னதாத் சென்ற வண்டியைத் தீவிரவாதிகள் வழிமறித்துச் சுட்டனர். பெர்னதாத்தும் அவரருகில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரும் உயிர் நீத்தனர். அன்று அவருடன் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்த ரால்ப் பஞ்ச், வழியில் நேர்ந்த தாமதத்தால் உயிர் பிழைத்தார். தலைவர் விழுந்த இடத்திலேயே அப்பணி அவர் தோளில் வந்து விழுந்தது. அவர் அஞ்சிப் பின்வாங்கவில்லை.

1949ஆம் ஆண்டு ஜனவரியில், மத்தியதரைக் கடலில் உள்ள ரோட்ஸ் தீவில், எகிப்தியத் தூதரும் இஸ்ரேலியத் தூதரும் ஒரே விடுதியில் வந்து தங்கினர். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இசையாதிருந்தனர். ரால்ப் பஞ்ச் பொறுமையோடு ஒரு தரப்பாரிடமிருந்து மறு தரப்பாரிடம் சென்று வந்தார். பெரிய செய்திகளை எடுக்குமுன், எதை எதைப் பேசுவது என்னும் நிரலுக்கே இரு தரப்பாரிடமும் கையொப்பம் வாங்கினார். சிறு செய்தியில் ஒன்றாக அமர்ந்து கையொப்பமிட்டுப் பழகியவர், பெரிய செய்தியிலும் அவ்வாறே செய்வர் என்பது அவர் கருத்து. பல இரவுகள் விடியும்வரை கூட்டங்கள் நடந்தன.

அவரிடத்து நகைச்சுவையும் குறைவில்லை. பேச்சின் நினைவாகப் பெயர் பொறித்த அழகிய தட்டுகளை அவர் முன்னதாகவே செய்வித்து வைத்திருந்தார். பேச்சு முறிந்துவிடும் போலிருந்த வேளையில் அவற்றை எடுத்துக் காட்டினார். ஒப்பந்தம் நிறைவேறினால் ஆளுக்கொன்று பரிசாகத் தருவதாகவும், நிறைவேறாவிடில் அவற்றை அவரவர் தலைமேலேயே போட்டு உடைக்கப் போவதாகவும் கூறினார். கடுகடுத்த முகங்களிலும் சிரிப்புத் தோன்றியது.

நாற்பத்திரண்டு நாள் உழைப்பின் பின், பிப்ரவரி 24ஆம் நாள் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போர்நிறுத்த உடன்படிக்கை கையொப்பமாயிற்று. தொடர்ந்து லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளோடும் அவ்வாண்டு ஜூலைக்குள் உடன்படிக்கைகள் முடிந்தன. போர்நிறுத்தம் வேறு, நிலைத்த அமைதி வேறு. வீடிழந்த பாலஸ்தீன மக்களின் துயரும் தீரவில்லை. நிலைத்த அமைதியும் அங்கு இன்னும் மலரவில்லை. ஆயினும், அன்று போர் நின்றதனால் காக்கப்பட்ட உயிர்கள் பல.

1950ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு ரால்ப் பஞ்சுக்கு அறிவிக்கப்பட்டது. அவை ஊழியர் அமைதிக்கு உழைப்பது பரிசு கருதி அன்று என்று எண்ணி, அவர் முதலில் அதனை ஏற்கத் தயங்கினார். ஏற்பது அவைக்குப் பெருமை தரும் என்று பொதுச் செயலாளர் டிரிக்வே லீ வற்புறுத்திய பின்னரே இசைந்தார். டிசம்பர் 10ஆம் நாள் ஆஸ்லோ நகரில் அப்பரிசைப் பெற்றார். கறுப்பினத்தாருள் நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே. அடிமையாய்ப் பிறந்த மூதாட்டியின் பேரன் அரசர் முன்னிலையில் உலகப் பரிசு பெற்றதைக் காண அவ்வம்மையார் உயிரோடு இல்லை.

புகழும் தன்மானமும்

நியூயார்க் நகரம் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்று போற்றியது. ஆனால், அப்புகழாலேயே அவர் மயங்கினாரில்லை. 1949ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவருக்கு வெளிநாட்டுத் துறையில் துணை அமைச்சர் நிலையிலுள்ள உயர்பதவி ஒன்றை அளிக்க முன்வந்தார். கறுப்பினத்தார் எவரும் அதுவரை அடையாத பதவி அது. அவரோ அதனை ஏற்க மறுத்தார். தலைநகராகிய வாஷிங்டனில் அப்போது பள்ளிகள் நிறத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. உணவு விடுதிகளும் திரையரங்குகளும் கறுப்பினத்தாரை உள்ளே விடவில்லை. தாம் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருக்க, தம் மக்கள் அண்மையிலுள்ள பள்ளியில் சேர இயலாமல் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் நகரத்திற்கு மீளத் தமக்கு விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே தெரிவித்தார். அச்சொல் நாட்டின் மனச்சான்றைத் தைத்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசியலமைப்புக்கு மாறானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

அதே 1954ஆம் ஆண்டில் அவருடைய நாட்டுப்பற்றின்மீதே சிலர் ஐயம் எழுப்பினர். விசாரணைக் குழுமுன் அவர் நிற்க நேர்ந்தது. இளமையில் எழுதிய கட்டுரைகளைப் பற்றியெல்லாம் வினவினர். அமைதியோடு விடை அளித்தார். குற்றமற்றவர் என்று குழுவினர் ஒருமனதாக முடிவு செய்தனர்.

1959ஆம் ஆண்டில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று அவர் உள்ளத்தை நன்கு காட்டும். பள்ளி மாணவனாயிருந்த அவர் மகன், நியூயார்க்கில் புகழ்பெற்ற டென்னிசுக் கழகம் ஒன்றில் ஆட்டம் பயின்று வந்தான். உறுப்பினனாகச் சேர விரும்பியபோது, கறுப்பினத்தாரையும் யூதரையும் சேர்ப்பதில்லை என்று கழகத் தலைவர் கூறிவிட்டார். செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தலைவர் பதவி விலகினார்; கழகம் மன்னிப்புக் கேட்டு, உறுப்பினராகுமாறு அழைத்தது. ரால்ப் பஞ்ச் அவ்வழைப்பை ஏற்கவில்லை. புகழ் உடைய தமக்குத் திறந்த கதவு, புகழ் இல்லாத ஏழைக் கறுப்பினத்தானுக்கும் திறக்குமா என்பதே அவர் வினா. தமக்கென ஒரு சலுகையை அவர் வேண்டவில்லை. எல்லார்க்கும் உரிய உரிமையையே வேண்டினார்.

இறுதிப் பணிகள்

1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாயை ஒட்டிப் போர் மூண்டபோது, 10 நாடுகளின் வீரர்களைக் கொண்ட ஐக்கிய நாடுகள் அமைதிப் படையை அமைத்து நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. நீல நிறத் தலைக்கவசம் அணிந்து, போரிடுவோர் இடையே நின்று காத்த அப்படையில் நம் இந்திய வீரர்களும் இருந்தனர். 1960ஆம் ஆண்டில் காங்கோ நாட்டில் விடுதலையை அடுத்துக் குழப்பம் விளைந்தபோதும் அவரே அங்குச் சென்று பணியாற்றினார்.

அந்த ஓராண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அதே ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் என்னும் ஊரில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். உலகம் நடுங்கியது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் ஐக்கிய நாடுகள் அவையில் தம் குரலை உயர்த்தின.

இதற்கிடையே, உலகப் பணியில் ஈடுபட்ட ரால்ப் பஞ்ச் சொந்த நாட்டு மக்களின் போராட்டத்தினின்று விலகி நிற்கிறார் என்று இளைஞர் சிலர் குறை கூறினர். அவர் சொல்லால் விடை கூறவில்லை. 1965ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரி நகருக்கு அறப்பயணம் தொடங்கினார். நீரிழிவு நோயாலும் கால் நோயாலும் துன்புற்றிருந்த ரால்ப் பஞ்ச், அப்பயணத்தின் முன்வரிசையில் கிங்கோடு நடந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், இன வேற்றுமையின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான அனைத்துலக உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றது. இனம், நிறம், மரபு, நாட்டுப் பிறப்பு ஆகியன காரணமாக ஒருவர் உரிமையைக் குறைத்தல் ஆகாது என்று அது விதித்தது. விதித்ததோடு நில்லாமல், ஒவ்வொரு நாடும் தான் செய்ததைக் காலந்தோறும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், 18 அறிஞர்கள் கொண்ட குழு அதனை ஆராயும் என்றும் வகுத்தது. 1969ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்படிக்கை ரால்ப் பஞ்ச் எழுதியதன்று. பல நாட்டவர் கூடி உருவாக்கியது. ஆயினும், நல்ல விதியோடு பார்க்கும் கண்ணும் வேண்டும் என்று டோகோலாந்தில் அவர் கற்ற பாடமே அதிலும் விளங்குவதைக் காண்கிறோம். மார்ச்சு 21ஆம் நாள் இன வேற்றுமை ஒழிப்பு நாளாக உலகெங்கும் நினைவுகூரப்படுகிறது. சிறுபான்மையினரின் மொழி, சமயம், பண்பாடு ஆகியவற்றைக் காக்கும் சாற்றுரை ஒன்றையும் பொது அவை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டது.

கண் பார்வை மங்கியும், உடல் தளர்ந்தும், ரால்ப் பஞ்ச் 1971ஆம் ஆண்டுவரை அவையின் பணியை விடாது ஆற்றினார். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் உயிர் நீத்தார்.

மாணவர்காள்! ரால்ப் பஞ்ச் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கன யாவை? வறுமை கல்விக்குத் தடையாகாது என்பது ஒன்று. இழிவு செய்வாரிடம் பணியாமலும், அவரை வெறுக்காமலும் வாழ இயலும் என்பது மற்றொன்று. தமக்கு மட்டும் கிடைக்கும் சலுகையைப் பெருமையாகக் கொள்ளாமல், எல்லார்க்கும் உரிமை வேண்டி நிற்பதே சான்றாண்மை என்பது யாவற்றினும் சிறந்தது. நம் நாட்டின் அரசியலமைப்புத் தீண்டாமையை ஒழித்துவிட்டது. பிறப்பு, இனம், சமயம் ஆகியன காரணமாக வேற்றுமை பாராட்டுதலை விலக்கிவிட்டது. ஆனால், சட்டத்தின் சொல் நம் தெருவிலும் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் நடக்கின்றதா என்று பார்க்கும் கண் நம்முடைய கண்ணே. உடன் பயிலும் ஒருவனைப் பிறப்பு நோக்கி எவரேனும் ஒதுக்கும்போது, அவன் பக்கம் சென்று அமர்வீராக.